சாமுவேல் மாஸ்டரின் திறக்காத ஃபோல்டர்

புதுக் கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரைத் தட்டியதும் ‘ஆக்சஸ் டினைட்’ என்று வந்தால் உங்கள் கை முதலில் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். என் கையும் அங்கேதான் போகும். பூட்டை உடைக்கத் தெரிந்தவனுக்குப் பூட்டைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. சர்வீஸ் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். உடைக்கிற வழிகளை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உடைக்காமல் நின்ற ஒரு சமயத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன். ஆம்பூரில் ஒரு தோல் ஷெட்டில் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி வேலை செய்தேன். கால் வெந்துபோனதும் தோல் லாரியில் ஏறி கான்பூர் போனேன். அங்கே ஒட்டவில்லை. திரும்பி வந்து டீக்கடை, எஸ்.டி.டி. பூத், பேனர் எழுதும் கடை என்று மாறிக்கொண்டே இருந்தேன். வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் மானிட்டர் தூக்கிப் போய்க் கொடுக்கும் வேலை கிடைத்தது. தூக்கிப் போன இடத்தில் வயர் மாட்டக் கற்றேன். பிறகு மற்றதெல்லாம். இங்கிலீஷ் எனக்கு வாக்கியமாக வராது. திரையில் வரும் செய்திகளை மட்டும் முகம் பார்த்து ஆளைத் தெரிந்துகொள்வதுபோலத் தெரிந்துகொண்டேன். அதிகம் பார்த்த முகம் இந்த ‘ஆக்சஸ் டினைட்’.

விண்டோஸ் விஸ்டா வந்த புதிதில் அந்த முகம் எல்லா வீட்டிலும் எட்டிப் பார்த்தது. அதற்கு முன்னால் நம் பக்கத்தில் எந்த ஷெட் ஆபீசிலும் கம்ப்யூட்டருக்குக் கதவு என்று ஒன்று கிடையாது. யார் உட்கார்ந்தாலும் எதையும் திறக்கலாம், எதையும் அழிக்கலாம். அப்படிப் பழகியவர்களுக்குப் புது மெஷின் ‘நீ உள்ளே வராதே’ என்றதும் அவமானமாக இருந்தது. காசு கொடுத்து வாங்கியவன் நான், என்னையே தடுக்கிறதா என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

அந்தச் சமயத்தில்தான் சாமுவேல் மாஸ்டர் கூப்பிட்டார்.

அவர் பேட்டர்ன் மாஸ்டர். ஒரு ஷூவைப் பிரித்துப் போட்டால் எத்தனை துண்டுத் தோல் வரும், ஒவ்வொன்றும் எந்த வடிவம், எட்டாம் நம்பருக்கும் ஒன்பதாம் நம்பருக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று வரைந்து கொடுக்கிறவர். நெடுநாள் ஒரு பெரிய ஷூ ஃபேக்டரியில் இருந்துவிட்டு, வெளியே வந்து வீட்டிலேயே உட்கார்ந்து பல ஃபேக்டரிகளுக்கு வரைந்துகொண்டிருந்தார். மாடி வீடு. மனைவி எஸ்தர் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடியற்காலையில் ரயிலேறி காட்பாடி போனால் திரும்பச் சாயங்காலம் ஆகும். பிள்ளைகள் இல்லை. நூற்றுக்கணக்கான தையல் மெஷின்கள் ஓடுகிற ஹாலில் இருந்தவர், பகலெல்லாம் ஒரு அறையில் தனியாக ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைக் கூப்பிடும்போது பாதி நேரம் மெஷினில் கோளாறே இருக்காது. டீ போட்டு வைத்திருப்பார்.

அன்றைக்குக் கோளாறு இருந்தது. நான் போனபோது அவர் கறுப்புத் திரையைத் திறந்து, ஒரு நீளமான கட்டளையை எழுத்துக் கூட்டி அடித்துக்கொண்டிருந்தார். கட்டளை ஒரு பேட்டர்ன் அட்டையின் பின்பக்கம் எழுதியிருந்தது. பெங்களூரில் இருக்கும் மைத்துனன் போனில் சொன்னதாம்.

“எண்டர் தட்டணும், அவ்ளோதான். சரியா இருக்குதான்னு ஒரு தரம் பாருண்ணா,” என்றார்.

பார்த்தேன். சி டிரைவ் முழுவதையும், விண்டோஸ் தன் உயிருக்காக வைத்திருக்கும் ஃபோல்டர்கள் உட்பட, தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்கிற கட்டளை அது. அதைத் தட்டியிருந்தால் அந்த மெஷின் அடுத்த முறை ஒழுங்காக எழுந்திருக்காது. அவர் கையை கீபோர்டிலிருந்து எடுக்கச் சொன்னேன். எதற்காக இதெல்லாம் என்று கேட்டேன்.

விஷயம் இதுதான். ஒரு ஃபேக்டரிக்கு முன்பு வரைந்து கொடுத்த ஒரு ஷூ, வெளிநாட்டில் நன்றாக விற்று, அதே ஷூவை மறுபடியும் கேட்டிருந்தார்கள். சனிக்கிழமைக்குள் எல்லா நம்பருக்கும் பேட்டர்ன் வேண்டும். கொடுத்தால் அந்த ஃபேக்டரியின் வேலையெல்லாம் இனி இவருக்கு. கொடுக்காவிட்டால் சென்னையில் வேறு ஆள் இருக்கிறார். புதிதாக வரைந்தால் மயிரிழை வித்தியாசம் வந்தாலும் அது அதே ஷூ ஆகாது. பேட்டர்ன்கள் பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. புதிது வாங்கியபோது வேலூர்க் கடைக்காரர் பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டு, ‘எல்லாத்தையும் புதுசுல போட்டாச்சு’ என்று சொல்லியிருந்தார்.

“அப்ப எங்க இருக்குது?”

“இதோ இதுக்குள்ள.” திரையில் ஒரு ஃபோல்டரைத் தொட்டுக் காட்டினார். டாகுமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ். “பழைய மெஷின்ல என்னுது எல்லாம் இதே பேர்ல இருந்த ஃபோல்டர்லதான் இருந்துது. இங்கயும் அதே பேர். பூட்டி வெச்சிருக்கான். தொறந்தா எல்லாம் இருக்கும்.”

சிடியில் ஏதாவது போட்டு வைத்தாரா என்று கேட்டேன். ஒன்று இருந்ததாம். ஒரு நாள் ரீட் ஆகவில்லை என்றதும், புறா வராமல் இருக்க எஸ்தர் அதை ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டுவிட்டார். திரும்பிப் பார்த்தேன். ஜன்னலில் அது வெயிலில் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது.

“இது கெடைக்கலன்னா நான் பங்களாதேஷ் போய்டுவேண்ணா,” என்றார். “அங்க ஒரு ஷூ கம்பெனிக்கு ஆள் எடுக்கறாங்க. ஏஜென்ட் திங்கக்கிழமை பாஸ்போர்ட் கேட்டிருக்கான். எஸ்தரு சம்பளத்துல உக்காந்து துன்னமுடியாது.”

“அவங்க இன்னா சொல்றாங்க?”

“ஒண்ணும் சொல்றதில்ல. பேசறதையே கம்மி பண்ணிட்டா.”

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். அந்த ஃபோல்டருக்குள் எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அது ஃபோல்டரே இல்லை. ஒரு தெருவுக்குப் பேர் மாற்றிய பிறகும் பழைய பேரைப் போட்டுக் கடிதம் வரும். தபால்காரர் புதுத் தெருவுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த மாதிரி, பழைய புரோகிராம்கள் பழைய பேரைச் சொல்லித் தேடிக்கொண்டு வந்தால் புது இடத்துக்குத் திருப்பிவிட விண்டோஸ் நட்டு வைத்த பலகை அது. மனுஷன் தட்டினால் ‘ஆக்சஸ் டினைட்’ என்று சொல்லும். உள்ளே வீடும் கிடையாது, ஆளும் கிடையாது.

இதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“உனுக்குத் தொறக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லுண்ணா. கதை சொல்லாத.”

தொழிலில் இதைவிடச் சுடுகிற பேச்சு கிடையாது. திறந்து காட்ட எனக்கு அதிக நேரம் ஆகாது. திறந்தால், காலியாக இருக்கிறதைப் பார்த்து, யாரோ அழித்துவிட்டார்கள் என்று நினைப்பார். அழித்ததை மீட்டுக் கொடு என்பார். அதற்கு ஒரு நாள், இன்னொரு நாள் என்று வெள்ளிக்கிழமை வரை அந்த அறையிலேயே உட்கார்ந்திருப்போம். பழைய மெஷின் எங்கோ யார் கையிலோ இருக்கிறது. எந்த நேரமும் அதில் இருப்பதை யாராவது அழித்துவிடலாம். எனக்கு அவசரம் அங்கேதான் இருந்தது.

வாங்க என்று அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். பஜாரில் ஒரு பிரவுசிங் சென்டர். அவர்களும் புதிதாக ஒரு மெஷின் வாங்கியிருந்தார்கள். கேட்டு உட்கார்ந்து, அதே இடத்துக்குப் போய், அதே பேருள்ள ஃபோல்டரை அவரையே தட்டச் சொன்னேன். அதே செய்தி வந்தது.

“இவங்க மெஷின்லயுமா உங்க பேட்டர்ன் இருக்குது மாஸ்டர்?” என்றேன்.

அவர் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைக்காரப் பையன் எங்களைப் பார்த்துச் சிரித்தான். வெளியே வந்ததும் மாஸ்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். அதுவரை பூட்டு இருந்தது, அதனால் நம்பிக்கையும் இருந்தது. நான் பூட்டே இல்லை என்று சொல்லிவிட்டேன். வாடிக்கையாளரை இப்படி நடுத்தெருவில் நிறுத்தும் வேலை உங்களுக்கும் வரும். பிடிக்காது. ஆனாலும் சீக்கிரம் செய்துவிட வேண்டும்.

“பழசைக் குடுக்கும்போது ஒரு வாரம் வெச்சிருந்து பாத்திருக்கலாமே மாஸ்டர்?” என்று கேட்டேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். அந்தக் கேள்வியே அவருக்குப் புதிது. தோலை வெட்டுவதற்கு இரும்புப் பட்டையை வளைத்துச் செய்யும் அச்சு உண்டு, டை என்பார்கள். ஃபேக்டரியில் புது டை வந்து இறங்கினால் பழைய டை அன்றைக்கே வெளியே போய்விட வேண்டும். இரண்டும் ஒரே மேஜையில் இருந்தால் யாராவது பழையதைக் கையில் எடுத்து, தப்பான அளவில் தோலை வெட்டித் தள்ளிவிடுவார்கள். டை செய்கிறவரே புதியதை வைத்துவிட்டுப் பழையதை இரும்புக்காக எடுத்துக்கொண்டு போவார். வாழ்நாளெல்லாம் அப்படிப் பழகிய மனுஷன். புது கம்ப்யூட்டர் மாடியேறியதும் பழையதை அவரே தூக்கி வந்து வண்டியில் ஏற்றிவிட்டாராம்.

வேலூர்க் கடைக்கு போன் செய்தோம். பார்த்துச் சொல்கிறேன் என்றார்கள். போனில் பார்த்துச் சொல்கிறேன் என்றால் பார்க்கமாட்டார்கள். பஸ் ஏறினோம். கடைக்காரர் கெட்டவர் இல்லை, வேலை ஜாஸ்தி. எல்லாத்தையும் போட்டாச்சு என்று அவர் சொன்னது புரோகிராம்களைத்தானாம். பேட்டர்ன்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையாம். பழைய மெஷினை நாட்றம்பள்ளியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு விற்றுவிட்டார். டிஸ்கை ஃபார்மட் செய்தாரா என்று கேட்டேன். “மேலயே எக்ஸ்பி போட்டுக் குடுத்தேன்னு நெனைக்கிறேன். ஞாபகம் இல்லப்பா,” என்றார்.

ஃபார்மட் செய்யாமல் பழைய விண்டோஸான எக்ஸ்பியை மேலேயே போட்டிருந்தால், பழைய ஃபைல்கள் அழியாமல் அப்படியே இருக்கும். அந்த ‘நெனைக்கிறேன்’ ஒன்றுதான் எங்களிடம் இருந்தது.

மறுநாள் காலையில் நாட்றம்பள்ளி பஸ். மாஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வாணியம்பாடி தாண்டியது. பிறகு கேட்டார்.

“உனுக்கு யாருண்ணா இருக்காங்க?”

“ரூம் இருக்குது.”

“அது இல்ல. ஆளுங்க?”

“லாரில போனப்ப ஊர் ஊரா இருந்தாங்க. நான்தான் நிக்கல.”

“பங்களாதேஷ் போறது கஷ்டமா இருக்குமா?”

“போறது ஒண்ணுமில்ல மாஸ்டர். திரும்பி வந்து எறங்கனா, ஏன் வந்தேன்னு கேக்கக்கூட ஆள் இருக்காது. அதான்.”

அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இன்ஸ்டிட்யூட் ஹைவேயை ஒட்டி ஒரு மாடியில். நடத்துகிறவர் விஜயா என்ற அம்மா. வகுப்பு நடந்துகொண்டிருந்தது. டைப்ரைட்டர் சத்தத்துக்கு நடுவில் விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே சொன்னது இது:

“அந்த மெஷினா? அதுல ஒரு ஃபோல்டர் இருக்குது. வந்த நாள்லேர்ந்து தொறக்கறதில்ல. இடத்தை அடைச்சிக்கினு இருக்குதேன்னு டெலீட் பண்ணப் பார்த்தேன். அதுக்கும் விடல. பேஜாராப்போயி விட்டுட்டேன்.”

மாஸ்டர் பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பழைய மெஷினில் அவர் பாஸ்வேர்டு வைத்த நாளில், உங்கள் ஃபைல்களை மற்றவர்கள் பார்க்காமல் வைக்கட்டுமா என்று எக்ஸ்பி கேட்டிருக்கும். பேட்டர்ன் திருட்டுப் போகிற தொழில். அவர் சரி என்று சொல்லியிருப்பார். அந்தத் தடை இத்தனை பிள்ளைகள் கையிலிருந்தும் இந்த அம்மா கையிலிருந்தும் அவருடைய ஃபைல்களைக் காப்பாற்றி வைத்திருந்தது.

ஆனால் விஜயா அம்மா எங்களை மெஷினைத் தொடவிடவில்லை. நியாயமான கேள்விதான் கேட்டார்.

“உங்க சாமான்னு எனக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு வேற ஒருத்தர் வந்து என்னுதுன்னு கேட்டா?”

மாஸ்டர் யோசித்தார். “மேடம், அந்தப் பொட்டிய லேசா சாய்ச்சிப் பாருங்க. பின்னால எடது பக்கம் கால் கெடையாது. அதிருதுன்னு ஷூ அடித் தோல்ல ஒரு துண்டு வெட்டி நான்தான் ஒட்டினேன். அரைவட்டமா இருக்கும்.”

அந்த அம்மா வகுப்பை நிறுத்தாமல் போய், மானிட்டரைப் பிடித்துக்கொண்டு பெட்டியைச் சாய்த்துப் பார்த்தார். திரும்பி வந்து, “கிளாஸ் முடியட்டும். வெளிய உக்காருங்க,” என்றார்.

வகுப்பு முடிந்தபின் அவரையும் எங்கள் பக்கத்தில் உட்காரச் சொன்னேன். அடுத்தவர் மெஷினில் பூட்டைத் திறக்கும்போது அந்த வீட்டுக்காரர் கண்ணெதிரே இருக்க வேண்டும். நீங்களும் அப்படியே செய்யுங்கள். விஜயா அம்மா சரி என்று சொன்ன பிறகு, அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் உரிமை மாற்றித் திறந்தேன். அதற்கு மேலே கீழே எதையும் தொடவில்லை. வேறு ஒரு சிஸ்டம் ஃபோல்டரும் மூடியிருந்ததைப் பார்த்து மாஸ்டர், “அதையும் தொறந்து பாத்துடு, அதுலயும் ஏதாவது இருந்தா?” என்றார். அது மெஷினுடைய சொந்த வீடு, அதில் உங்களுக்கும் எனக்கும் வேலை இல்லை என்றேன். அந்த மெஷினில் நாளைக்குப் பிள்ளைகள் படிக்க வேண்டும்.

ஃபோல்டருக்குள் பேர்கள் வரிசையாக இருந்தன. அவர் தேடிய ஷூவின் பேரும் இருந்தது. ஆனால் அங்கே பேட்டர்ன் புரோகிராம் கிடையாது. பேரைப் பார்க்கலாம், உள்ளே படம் இருக்கிறதா, கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க வழியில்லை. பென்டிரைவில் எல்லாவற்றையும் ஏற்றினேன்.

“இங்க இருக்கறத அழிச்சிடுண்ணா,” என்றார் மாஸ்டர் காதோரம். “யாராவது எடுத்துக்கினு போனா?”

“வீட்ல தொறந்து கண்ணால பாக்கற வரைக்கும் இங்க இருக்கறது இங்கயே இருக்கட்டும்.”

“என் தொழில் இது.”

“அதுக்குத்தான் சொல்றேன்.”

விஜயா அம்மா அதைக் கேட்டுவிட்டார். நீங்கள் போன் செய்த பிறகு நானே அழிக்கிறேன், அதுவரை அந்த மெஷினில் யாரையும் உட்காரவைக்கமாட்டேன் என்றார். அவரிடம் அப்படிக் கேட்க எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மாஸ்டர் பென்டிரைவைச் சட்டைப் பையில் போட்டு, பையைக் கையால் மூடிக்கொண்டு வந்தார். ஆம்பூர் வரும்வரை அந்தக் கை இறங்கவில்லை. கிடைத்துவிட்டது என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த வேலையில் அது ஒரு நீண்ட வழி. பேர் தெரியும், உள்ளே தெரியாது. அந்த நேரத்தில் ‘கண்டிப்பா இருக்கும் சார்’ என்று சொல்ல நாக்கு துடிக்கும். சொல்லிவிட்டால் அப்போதைக்கு உங்களுக்கு லேசாக இருக்கும். வீட்டுக்குப் போய் அது இல்லை என்றால், அதைத் தாங்கவேண்டியவர் அவர்.

மாடியேறி மெஷினைப் போட்டோம். முதல் ஃபைலைத் தட்டினார். படிக்க முடியவில்லை என்றது. அடுத்ததும் அப்படியே. அவர் எழுந்து நின்றுகொண்டு என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். பழைய புரோகிராமின் ஃபைல்களை நேராகத் தட்டினால் புதிய புரோகிராம் எடுக்காமல் இருக்கலாம், புரோகிராமுக்குள் போய் அங்கிருந்து கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. அந்த வழி எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். மறுபடி அவரையே உட்காரவைத்தேன். மெனுவில் கீழே கீழே இறங்கிப் போய் ஒன்றைத் தட்டினார்.

வெள்ளைத் திரையில் மெல்லிய கோடுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஷூவின் முன்பக்கத் துண்டு. பிறகு நாக்கு. பிறகு குதிகால் பட்டை. ஒரு நம்பருக்குள் இன்னொரு நம்பராக, வெங்காயத் தோல் மாதிரி.

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிரின்ட் போட்டார். அலமாரியிலிருந்து அட்டையை எடுத்தார். காகிதத்தை அட்டையில் ஒட்டி, கத்தியால் வளைவைச் சுற்றி வெட்ட ஆரம்பித்தார். முதல் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓரத்தை விரலால் தடவி, மேஜையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். நாட்றம்பள்ளிக்கு நான்தான் போன் செய்து, அழித்துவிடலாம் என்று சொன்னேன். போய் வருகிறேன் என்று சொன்னது அவர் காதில் விழுந்ததா தெரியாது. பையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

மாடிப்படியில் பாதி இறங்கும்போது எஸ்தர் ஏறி வந்துகொண்டிருந்தார். ரயிலிலிருந்து நேராக வருகிறார், தோளில் பை. என்னைப் பார்த்ததும் நின்றார். ஃபைல் கிடைத்ததா என்று அவர் கேட்கவில்லை.

“போறாராண்ணா?”

“இல்லம்மா,” என்றேன். “அட்டை வெட்டிக்கினு இருக்காரு.”

அவர் தலையை ஆட்டினார். மேலே ஏறாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். நான் சுவரோரமாக ஒதுங்கி இறங்கினேன்.